ஐஸ் வண்டியும் நாலாம் இலக்கமும்

நான் செய்வது, பிறர் வீட்டில் யார் எந்த நேரம் தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்று எண்ணும் வேலை. கலியாண வீடுகளில் கேட்டால் ‘ஆய்வு உத்தியோகம்’ என்று சொல்லித் தப்பிக்கொள்வேன். உண்மையில் மணியடித்து, செருப்பைக் கழற்றி, முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, “நேற்று யார் யார் பார்த்தீர்கள்?” என்று கேட்பதுதான் தொழில். கரண்ட் மீற்றர் பார்ப்பவர்கள், காப்புறுதி விற்பவர்கள், குடிசன மதிப்புக்குப் போய் நாய்க்கடி வாங்கியவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முறை இதுதான். தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வைப்போம். அதற்குத் தனி ரிமோட். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். பார்க்க உட்காரும்போது உங்கள் இலக்கத்தை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். எழும்பிப் போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். வெளியாட்கள் வந்தால் அவர்களுக்கு விருந்தாளிப் பொத்தான்; எத்தனை பேர், ஆணா பெண்ணா, வயது என்ன என்று அது கேட்கும். எல்லாம் அன்றன்றே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். கொழும்பில் எத்தனை வீட்டில் பெட்டி இருக்கிறது என்று வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால்தான் அந்த விதி என்று நினைக்கிறேன். ஒரு பொத்தானுக்குப் பின்னால் பெட்டி இல்லாத எத்தனையோ ஆயிரம் பேர் நிற்பதாக வைத்துக்கொண்டுதான் எங்கள் பிழைப்பு நடக்கிறது.

பழைய படிவம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் நாலாம் மாடி, சிவஞானம் அங்கிளின் வீடு. ஓய்வுபெற்ற நில அளவையாளர். மேசையில் ஒரு பென்சில் கிடந்தால்கூட மேசை ஓரத்துக்குச் சமாந்தரமாகத்தான் கிடக்கும். பெட்டி பூட்டப் போன முதல் நாள், வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். இந்த வீட்டில் எத்தனை பேர், வயது என்ன, இரவில் தங்குகிறவர்கள் யார் யார். அவர் எழும்பி அறைக்குப் போய், அலுமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பழைய தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சண்டைக் காலத்தில், கொழும்புத் தமிழர் வீடுகளில் யார் தங்குகிறார்கள் என்று பொலிசில் பதிந்த படிவம். இப்போது அதை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் இப்படி ஒரு கேள்வியோடு யார் வந்தாலும் அவருடைய கால் தானாகவே அந்த அலுமாரிக்குப் போய்விடுகிறது. வெள்ளவத்தை வீடுகளில் நான் இதை முதல்முறை பார்க்கவில்லை.

“இது டீவி பாக்கிறதுக்கு அங்கிள், பொலிசுக்கில்லை” என்றேன். படிவத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. அவர், மனைவி பவளம், மகன் கஜன். மூன்றாவது பெயரை எழுதப் பேனாவை வைத்ததும், குசினிக்குள் பவளம் அன்ரி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. அங்கிள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ரெண்டு பேர் எண்டு எழுதுங்கோ பிள்ளை. மற்ற ஆள் இஞ்சை இல்லை.”

மீனுக்கு மேலே

போன வருடம் ஒரு கட்டண அலைவரிசைக்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். பெயர் வேண்டாம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர்கள் இரண்டு வெளிநாட்டு விளையாட்டுகளை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனலில் ஐஸ் ஹொக்கி, மற்றதில் கூடைப்பந்து. இரண்டும் சம்பளத்துக்கு விளையாடும் பெரிய ஆட்கள். அங்கே பின்னேர ஆட்டம், இங்கே கோழி கூவும் நேரம். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப் போகிறோம், எதைச் சனம் பார்க்கிறது என்று எண்ணித் தாருங்கள் என்றார்கள். மூன்று மாதத் தவணை.

முதல் மாதம் வந்ததைப் பார்த்தால், இரண்டு பக்கமும் விரல்விட்டு எண்ணலாம். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் கொஞ்சம் இளவட்டங்கள் கூடைப்பந்து பார்த்தார்கள். ஹொக்கிக்கு ஒரே ஒரு வீடு, வெள்ளவத்தையில். அதுவும் விசித்திரமான வீடு. ஊரெல்லாம் இடைவேளைக்கு எழும்பிப் போகும். இந்த வீட்டில் இடைவேளை தொடங்கும்போது உட்காருகிறார்கள், ஆட்டம் தொடங்கியதும் எழும்பிப் போய்விடுகிறார்கள். எங்கள் மனேஜர் நிசார் சேர் கொம்பனித்தெருக்காரர், கொழும்பில் எந்தச் சந்தில் எந்த நாடகம் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் அந்தத் தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இந்த நாட்டுல ஐஸ் ஈக்கிறது பேலியகொடை மீன் சந்தைல மீனுக்கு மேல மட்டும்தான். போய்ப் பாருங்க, அந்த வீட்டுல பெட்டி பழுதாகி ஈக்கும்.”

இடது வளைவு

பெட்டி பழுதாகவில்லை. விடிய ஐந்தரைக்குச் சிவஞானம் அங்கிள் வீட்டு மணியை அடித்தபோது பவளம் அன்ரி குளித்துத் திருநீறு பூசியிருந்தார். என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னார். கஜன் ரொறன்ரோவில் ஒரு ஐஸ் ஹொக்கி அரங்கில் வேலை. விளையாடிக் கீறுபட்ட ஐஸை இடைவேளையில் வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறான். ஏழு வருடத்துக்கு முன் தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்துகொண்டான். தகப்பன் ஃபோனில், “என்ரை செத்தவீட்டுக்கும் வராதை” என்றார். அவன் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டான். இருவரும் ஒரே வார்ப்பு. “நான் அவனோடை கதைக்கிறது இவருக்குத் தெரியாது எண்டு இவரும் வைச்சிருக்கிறார், நானும் வைச்சிருக்கிறன்” என்றார் அன்ரி. எந்த அரங்கு, என்ன வேலை என்பதை ஒருநாள் ஃபோனில் வேண்டுமென்றே, அங்கிளின் காதில் விழ, உரக்கக் கேட்டுத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமையே அங்கிள் அந்த அலைவரிசைக்குப் பதிந்துவிட்டார். அந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டும் விடிய எழும்புவார். காரணம் கேட்டால், ஐஸைப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்.

கனடாவில் இடைவேளைக்கு விளம்பரம் போடுவார்களாம். இங்கே அந்த நேரத்து ஹொக்கிக்கு விளம்பரம் தர ஒரு சோடாக் கம்பனிகூட வரவில்லை. அதனால் அலைவரிசைக்காரர்கள் அங்கிருந்து வரும் படத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். வெறும் வெள்ளை மைதானம், அதில் உழவு இயந்திரம் மாதிரி ஒரு வண்டி சுற்றிச் சுற்றி ஓடும், பேச்சில்லை. தொப்பி போட்ட ஓர் உருவம் ஓட்டுகிறது. இடது வளைவில் கமராவுக்குக் கிட்ட வரும்போது ஒரு கணம் முகம் தெரியும், நக அளவு. எனக்கு அது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அங்கிள் கதிரையில் முன்னுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். வண்டி நாலு கோடு போட்டு முடிந்ததும், என்னைப் பார்க்காமல், ஒரு அளவையாளர் இன்னொரு அளவையாளரின் வேலையைப் பற்றிச் சொல்லும் குரலில் சொன்னார்:

“பாத்தீங்களே பிள்ளை, ஒரு கோடு பிசகேல்லை.”

சனிக்கிழமை மெட்ச்

கூடைப்பந்துப் பக்கத்தில் எங்களுக்கு ஆகத் திறமான வீடு கொட்டாஞ்சேனை ரீட்டா அக்காவுடையது. அங்கே நாலாம் இலக்கம், மகன் நெல்சன், இருபத்தாறு வயது. மாதா கோயில் வளவில் பந்து விளையாடும் கூட்டத்தில் அவன்தான் உயரம். ஒரு மெட்ச் விடமாட்டான். சில நாள் சுகமில்லாமல் லீவில் நின்றதில் ஒரு மாதச் சுற்று தவறி, இரண்டு மாதம் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அந்த இரண்டு மாதமும் நாலாம் இலக்கம் ஒழுங்காக ஐந்தரைக்கு எரிந்திருந்தது. போய் மணியடித்து உள்ளே நுழைந்தால், சுவரில் நெல்சனின் படம், சுற்றிவர சின்ன லைட், கீழே மெழுகுதிரி. வேலைக்குப் போகும்போது பேலியகொடையில் லொறி அடித்ததாம். முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்திருந்தது.

“அப்ப நாலாம் நம்பரை யார் அக்கா அழுத்துறது?” என்றேன். “நான்தான் மிஸ். அவன் பார்க்கிற நேரத்துக்குப் போட்டுவிட்டு, அழுத்திட்டு, அடுப்படிக்குப் போவேன். எனக்கு அந்த வெளாட்டு வெளங்காது.” நாலை மாத்திரம் அழுத்துவார், தன்னுடைய ஒன்றாம் இலக்கத்தை அழுத்தமாட்டார். தான் பார்க்காததைப் பார்த்ததாகப் பொய் சொல்லக் கூடாது என்ற எண்ணம். எங்கள் விதி தெளிவானது. ஆள் இல்லாவிட்டால் இலக்கம் அன்றைக்கே எடுபட வேண்டும். எடுத்த பிறகு அதை அழுத்தினால் சிவப்பு எரியும். நான் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இது நான் செய்யாவிட்டால் வேறொருவர் வந்து செய்வார் என்று எதையெதையோ சொன்னேன். அவர் அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“சனிக்கிழமை கழிச்சு எடுக்க ஏலாதா மிஸ்? அன்னைக்கு பெரிய மெட்ச் ஒன்னு இருக்கு.”

என்னுடைய வாய்

எடுத்துவிட்டேன். சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்க, வியாழக்கிழமையே எடுத்துவிட்டேன். விதியைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். வீடு வீடாகப் போகும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், நாங்கள் செய்யும் கொடுமைகளில் பாதி விதிப்படிதான் நடக்கிறது. அதனால் அடுத்த கிழமை வெள்ளவத்தைக்குப் போனபோது எனக்குள் ஒரு கடன் இருந்தது. எங்கள் தொழிலில் மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று உண்டு. எதை எதோடு ஒப்பிட்டு எண்ணுகிறோம் என்பதைப் பெட்டி உள்ள வீட்டில் மூச்சு விடக் கூடாது. அன்றைக்கு நான் விட்டேன்.

“அங்கிள், இந்த ஹொக்கியை நிப்பாட்டப் போறாங்கள் போலை கிடக்கு. பாக்க ஆளில்லையாம்” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நாங்கள் பாக்கிறந்தானே?” “நீங்கள் இடைவேளையைத்தான் பாக்கிறியள். இடைவேளை கணக்கிலை வராது அங்கிள், ஆட்டந்தான் கணக்கிலை வரும்.” ஏழு வருடமாக ஒரு ஃபோன் எடுக்காத மனிதர், எழும்பிப் போய் அந்த ரிமோட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்:

“விருந்தாளியளுக்கு எண்டு ஒரு பட்டன் சொன்னனீங்களெல்லே, அது எது எண்டு காட்டுங்கோ.”

கன்வஸ் சப்பாத்து

பத்து நாள் கழித்து நிசார் சேர் என்னைக் கூப்பிட்டார். வெள்ளவத்தை வீட்டில் விடிய ஐந்தரைக்கு ஐந்து விருந்தாளிகள், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் எழுபதுக்கு மேல், முழு ஆட்டமும் பார்க்கிறார்கள். போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். போனேன். வாசலில் ஐந்து சோடி கன்வஸ் சப்பாத்து வரிசையாகக் கிடந்தது. கடற்கரை வீதியில் அங்கிளோடு நடக்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில்தான். உள்ளே சாப்பாட்டு மேசைக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் தேத்தண்ணியோடு, செத்தவீட்டில் இருப்பதுபோலச் சத்தமில்லாமல் ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் விதிமுறை தெரியாது. பந்து ஏன் தட்டையாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, ஐஸில் உருளாமல் இருக்கத்தான் என்று அங்கிள் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

நான் உண்மையைத்தான் எழுதினேன். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஐந்து பேரும் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்க எங்கள் படிவத்தில் இடம் இல்லை. ஐவரில் மூத்தவர், ஹார்மோனியப் பெட்டி மாதிரி மூச்சு வாங்குகிறவர், என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார்:

“ஆர் வெண்டாலும் பரவாயில்லை பிள்ளை. சிவஞானத்தின்ரை பெடியன் எப்ப வருவான்?”

நல்ல செய்தி

மூன்று மாதம் முடிந்தது. கூடைப்பந்தில் ஒரு நாலாம் இலக்கம் குறைந்து, ஹொக்கியில் ஐந்து விருந்தாளிகள் கூடி, ஹொக்கி வென்றது. எங்கள் கண்டுபிடிப்பு என்னவென்றால், கொழும்பின் வசதியான மூத்த குடிமக்களிடம் ஐஸ் ஹொக்கிக்குப் பெரும் வரவேற்பு இருக்கிறது. அலைவரிசைக்காரர்கள் குளிர்ந்து போனார்கள். அலுவலகத்தில் என் பெயர் அச்சடித்த தேத்தண்ணிக் கோப்பை ஒன்று தந்தார்கள். அதில் இதுவரை நான் தேத்தண்ணி குடிக்கவில்லை.

கூடைப்பந்து நின்ற அன்று காலை ரீட்டா அக்கா ஃபோன் எடுத்தார். நாலாம் இலக்கத்தை எடுத்த பிறகும் அவர் ஐந்தரைக்குப் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போயிருக்கிறார். இப்போது அந்த இடத்தில் வெறும் நீலத் திரை. பெட்டி பழுதா என்று கேட்டார். இல்லை அக்கா, அந்த விளையாட்டை நிறுத்திவிட்டார்கள், பார்க்கிற ஆட்கள் போதாதாம் என்றேன். அவர், என்னைக் குற்றம் சொல்லாத குரலில், தெரிந்துகொள்ள மட்டும் கேட்பவர்போலக் கேட்டார்:

“நெல்சன்ட நம்பர எடுத்ததாலயா மிஸ்?”

இடைவேளை

வெள்ளவத்தையாவது மிஞ்சியது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் இரண்டு கிழமைதான். வசதியான மூத்த குடிமக்கள் பார்க்கிறார்கள் என்று எங்கள் அறிக்கை சொன்னதும், விளம்பரம் வரத் தொடங்கியது. பிஸ்கட், சீமெந்து, முழங்கால் நோவு எண்ணெய். ஆட்டத்துக்கு நடுவே போட்டால் ஆட்டம் கெட்டுவிடும், ஆகையால் எல்லாவற்றையும் இடைவேளைக்குள் போட்டார்கள். அது எனக்கு அலுவலகத்தில் தெரியவந்த நிமிடம், கோப்பையைத் தூக்கி மேசைக்கடியில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் அந்த வண்டி எங்கள் ஊரில் தெரிந்தது. இந்தச் சின்ன விசயத்தை, பதினொரு வருடம் இதே தொழிலில் இருக்கும் நான், ஒருதரம்கூட யோசிக்கவில்லை.

விடிய ஐந்தரைக்குப் போனேன். வாசலில் கன்வஸ் சப்பாத்து இல்லை. அங்கிள் தனியாக உட்கார்ந்திருந்தார், பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. பவளம் அன்ரி தன் ஃபோனை, மகனின் இலக்கம் திரையில் தெரியும்படி, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் மேசையில் வைத்திருந்தார். அதை அவர் நகர்த்தவும் இல்லை, தொடவும் இல்லை. ஆட்டம் நின்றது, பிஸ்கட் வந்தது. “நாங்கள் எல்லாரும் பாக்காமல் விட்டா, பழையபடி விடுவினமோ பிள்ளை?” என்று கேட்டார். “இல்லை அங்கிள். அப்ப ஆட்டத்தையே நிப்பாட்டிப்போடுவினம்” என்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. பிஸ்கட் முடிந்து சீமெந்து வந்தது. அவர் கதிரையில் முன்னுக்கு வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். திரையில் ஒரு குடும்பம் புது வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

“இப்ப இடது வளைவாலை திரும்பியிருப்பான்” என்றார்.

பதினொரு வருடம் எண்ணியதில் நான் கற்றது இவ்வளவுதான்: ஆள் குறைந்தால் நிறுத்துவார்கள், ஆள் கூடினால் விற்பார்கள், இரண்டையும் சரியாக எண்ணிக் கொடுத்தால் நமக்கு ஒரு கோப்பை தருவார்கள்.